பகலில் வந்த தூக்கம்

கூடுவாஞ்சேரியில் ரயில் பாதைக்கு மேற்கே பாலுவின் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அதை மனை போட்டு விற்றபோது அவருடைய அண்ணன்கள் கல்யாண மண்டபம் கட்டினார்கள், வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பாலு கோவாவுக்குப் போய் ஒரு பழைய உல்லாசப் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒரு தனியார் படகுத்துறையில் கட்டினார். குடும்பமே சிரித்தது. மனைவி ஹேமாவதி சிரிக்கவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றினார். பிறகு பிறந்தநாள், நிச்சயதார்த்த போட்டோ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாலுவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் குழறிக் குழறிக் கேட்ட முதல் கேள்வி, ஜெனரேட்டரை யார் ஓட்டிவிடுகிறார்கள் என்பது. ஓட்டாமல் விட்டால் அது கெட்டுவிடும் என்று பயந்தார்.

அன்றிலிருந்து அது ஹேமாவதியின் வேலையானது.

படகின் பின்பக்கம் தரைப்பலகையைத் தூக்கினால் ஒரு குழி. அதற்குள் பெட்ரோலில் ஓடும் அந்த ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. கேபினின் ஏசி, பிரிட்ஜ், விளக்கு, பாட்டு எல்லாம் அதை நம்பித்தான். பலகையைத் தூக்கியதும் முதலில் மோந்து பார்க்க வேண்டும், பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று. அடித்தாலும் அடிக்காவிட்டாலும் காற்று வெளியேற்றும் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். ஆயில் பார்க்க வேண்டும். கழித் தண்ணீரை உறிஞ்சித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் வரும் வழியில் இருக்கும் வடிகட்டியைத் திறந்தால் பாசி, சொறிமீன் துண்டு, ஷாம்பு பாக்கெட் எல்லாம் வரும். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் குனிந்து, புகைக் குழாய் வழியாகத் தண்ணீர் துப்புகிறதா என்று பார்க்க வேண்டும். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தை மாற்றவும் அவள் கற்றுக்கொண்டாள். பாலு மேலே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். பாதி புரியாது. புரியாதபோது அவர் கோபப்படுவார். அவள் ஸ்பானரை மாற்றிப் பிடிப்பாள்.

வாரத்தில் மற்ற நாட்களில் பாலுவைக் குளிக்க வைப்பது, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது, பாலுவின் பங்குக்கு வந்த கடைகளின் வாடகைப் பஞ்சாயத்து. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து சமைத்து, அவரைக் காரில் ஏற்றி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவாள். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் படகுக்குப் போகும் நாளில் மட்டும்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் அவளுக்குத் தலை வலிக்கும். புருவத்துக்கு மேலே கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு வலி. மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலைக் குறை சொன்னாள். போன வாரம் வீடு திரும்பும்போது மாம்பாக்கம் தாண்டி பாலு வாந்தி எடுத்தார். மத்தியானம் தின்ற முட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். குழியின் உள்சுவரில் கொஞ்ச நாளாகக் கறுப்பாக ஏதோ படிந்தது. ஆயில் அழுக்கு என்று ஒவ்வொரு வாரமும் பழந்துணியால் துடைத்து வந்தாள். களைப்புக்கு அவளிடம் நூறு காரணங்கள் இருந்தன. இன்னொன்றைத் தேட வேண்டிய தேவை இல்லை.

மே மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் சேலையூர் பக்கத்துக் குடும்பம். சின்மயிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஐடி கம்பெனியில் வேலை. அவள் மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். அதே அபார்ட்மெண்டில் இருக்கும் குழந்தைகளையும் அழைத்து வந்திருந்தாள். அவர்களுடைய அப்பா அம்மா வரவில்லை, நம்பி அனுப்பியிருந்தார்கள். சின்மயியின் கணவன் கிரீஷ் இரண்டு நண்பர்களோடு நேராக முன்தளத்துக்குப் போய்க் கூரைத்துணியின் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

படகை ஓட்டுபவன் சவுரிமுத்து. கோவளம் குப்பத்துக்காரன். பாலுவை அண்ணா என்றும் ஹேமாவதியை அக்கா என்றும் கூப்பிடுவான். கழியின் நடுவே, சத்தமில்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டுவிட்டு மேல்தட்டுக்கு ஏறிப்போனான்.

காற்றே இல்லை. தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது.

"ஆன்ட்டி, இந்த டோரை க்ளோஸ் பண்ணிடலாமா? ஏசி வெளிய போயிடுது" என்றாள் சின்மயி.

மற்ற வாரங்களில் வருகிறவர்கள் உள்ளேயும் வெளியேயுமாகத் திரிவார்கள், கதவு திறந்தே கிடக்கும். அன்றைக்கு ஹேமாவதி கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஜன்னல்களையும் மூடினாள். கேபின் குளிர்ந்தது. பின்னால் சின்ன அறையில், ஜெனரேட்டர் குழிக்கு ஒட்டினாற்போல இருந்த படுக்கையில், பாலுவைப் படுக்க வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தபோது கண்ணை மூடியிருந்தார்.

குழந்தைகள் சோபாவில் ஏறிக் குதித்தார்கள். பலூன் உடைத்தார்கள். ஒரு பையன் தரையில் ஜூஸைக் கொட்டினான். ஹேமாவதி துடைத்தாள். சமையல் மேடையில் சமோசாவைச் சூடுசெய்து தட்டில் வைத்தாள். யாரும் பெரிதாகத் தின்னவில்லை.

"எனக்குத் தலை ரொம்ப வலிக்குது ஆன்ட்டி" என்றாள் சின்மயி. "காலைல நாலு மணிக்கு எழுந்தேன். பசங்களும் சீக்கிரமே எழுந்துட்டாங்க. பாருங்க, எல்லாம் டயர்ட் ஆயிடுச்சுங்க."

"கொஞ்ச நேரம் படுக்கட்டும்மா. அப்புறமா கேக் வெட்டலாம்."

ஒரு பெண் சோபாவில் சாய்ந்தது. அதன் மடியில் இன்னொன்று தலை வைத்தது. ஜூஸ் கொட்டிய பையன் தரைவிரிப்பிலேயே சுருண்டு படுத்தான். பிறந்தநாள் பெண், தலையில் காகிதக் கிரீடத்தோடு, அம்மாவின் தோளில் சரிந்தாள். சின்மயி ஏதோ சொல்ல வாயெடுத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அமைதி ஹேமாவதிக்குச் சுகமாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். மேடைக்குப் பக்கத்தில் இருந்த படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். கால்கள் கனத்தன. கீழே ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் என்று நினைத்தாள். பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டால் யாருடைய சொத்து போய்விடப் போகிறது.

மூடிக்கொண்டாள்.

மேலேயிருந்து யாரோ தட்டும் சத்தம் ரொம்ப தூரத்தில் கேட்டது. கதவு கொஞ்சம் நகர்ந்தது. சவுரிமுத்துவின் முகம் தெரிந்தது.

"இன்னாக்கா, பர்த்டே பார்ட்டினு சொன்ன, ஒரு சத்தமும் காணோம். எல்லாம் தூங்கிகினு கீது?"

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். நாக்கு எழவில்லை. சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்து கேபினைப் பார்த்தாள். கேக் வெட்டாமல் இருந்தது. மெழுகுவர்த்திகூடக் குத்தவில்லை. பட்டப்பகலில், பிறந்தநாளும் அதுவுமாய், ஒரு குழந்தைகூட விழித்திருக்கவில்லை. ஒரு பெண்ணின் வாயோரம் வாந்தி வழிந்து காய்ந்திருந்தது. அந்தக் குழந்தை அதை உணரவே இல்லை.

ஒரு குழந்தைக்குத் தூக்கம் வரலாம், இரண்டுக்கு வரலாம். எல்லாருக்குமா? தன் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியும் பாலுவின் வாந்தியும் குழிச் சுவரின் கறுப்பும் ஒன்றாக அவள் நினைவுக்கு வந்தன.

"சவுரி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "ஜெனரேட்டரை நிறுத்து. பொகை. பொகை உள்ள வந்துடுச்சி."

"பொகையே காணோமேக்கா."

"நிறுத்துடா."

அவன் ஓடினான். எழுந்தபோது அவளுக்கு முழங்கால் மடிந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணாடிக் கதவை முழுசாகத் தள்ளினாள். வெளிக்காற்று அனல் மாதிரி முகத்தில் அறைந்தது. அந்த அனலை வாய் திறந்து இழுத்தாள். ஜெனரேட்டர் நின்றது. அதன் சத்தம் நின்றபிறகுதான் படகு எவ்வளவு மௌனமாக இருந்தது என்று தெரிந்தது.

முன்தளத்திலிருந்து கிரீஷ் வந்தான். "என்ன மேடம், ஏசி ஏன் ஆஃப் ஆச்சு? ஃபுல் டேக்குதானே பேசினோம்?"

"சார், பசங்களை வெளிய தூக்குங்க. ஒண்ணொண்ணா. சீக்கிரம்."

"ஏன்? தூங்கறாங்க."

"தூக்கம் இல்ல சார் அது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நண்பர்களைக் கூப்பிட்டான். ஹேமாவதி தரையில் கிடந்த பையனைத் தூக்கினாள். அவன் தலை அவள் கையில் துவண்டது. வெளியே கொண்டுபோய் நிழலில் கிடத்திவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த பெண். அடுத்தவள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பின்னறைக் கதவு அவள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டி இன்னொரு குழந்தையிடம் குனிந்தாள். சின்மயி தள்ளாடித் தானாகவே நடந்து வந்து தளத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கடைசிக் குழந்தையும் வெளியே போன பிறகுதான் பின்னறைக் கதவைத் திறந்தாள்.

பாலு அதே இடத்தில் அதே மாதிரி படுத்திருந்தார். உதடும் கன்னமும், ஆரோக்கியமான மனிதனுக்கு இருப்பதுபோலச் சிவந்திருந்தன. உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். முனகல்கூட வரவில்லை. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. தினமும் தூக்கி உட்கார வைக்கிற உடம்புதான். அன்றைக்கு அது அவளால் முடியவில்லை.

"சவுரி, அண்ணனைத் தூக்குடா" என்று கத்தினாள். கத்தியதுமே அவளுக்குக் கண் இருட்டியது.

சவுரிமுத்துவும் கிரீஷும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

நங்கூரத்தைத் தூக்கியதும் படகு கரைக்குப் பறந்தது. வழியிலேயே ஒன்றிரண்டு குழந்தைகள் விழித்து அழ ஆரம்பித்தன. அந்த அழுகையைக் கேட்டு கிரீஷின் நண்பன் ஒருவன் தானும் அழுதான். ஹேமாவதி பாலுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சவுரிமுத்து ஸ்டீரிங்கைப் பிடித்தபடி குனிந்து மெல்லச் சொன்னான். "அக்கா, ஆஸ்பத்திரில கேட்டா வெயிலு, மயக்கம்னு சொல்லிடலாமா? பசங்கதான் எய்ந்துகிச்சே. போலீஸ் கீலீஸ்னு வந்தா பெரிய பேஜாரு."

அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. வெயில் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அத்தனை மாதமாக அவளே அதைத்தான் நம்பியிருந்தாள்.

"வெயில்னு சொன்னா வெயிலுக்குத்தான் மருந்து குடுப்பாங்க" என்றாள்.

கிரீஷ் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ்காரரிடம் கரையில் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் ஓடிவந்த நர்ஸிடம் சொன்னாள். டூட்டி டாக்டரிடம் மறுபடியும் சொன்னாள்: பெட்ரோல் ஜெனரேட்டர், மூடின கேபின், புகை கண்ணுக்குத் தெரியவில்லை, வாடையும் இல்லை. டாக்டர் நர்ஸிடம் திரும்பி, கார்பன் மோனாக்சைடு என்று சொல்லி, எல்லாருக்கும் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். அவளுக்கும் ஒரு மாஸ்க் மாட்டினார்கள். சுவரோரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

பயந்து ஓடிவந்த பெற்றோர்களால் வராந்தா நிறைந்தது. கிரீஷ் அவளைக் கையால் காட்டிக்கொண்டு எல்லாருக்கும் ஏதோ சொன்னான். ஒரு அம்மா நேரே வந்து அவள் முன்னால் நின்று, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள். ஹேமாவதிக்கு இல்லை. மாஸ்கோடு தலையை ஆட்டினாள். அந்த அம்மா திரும்பிப் போனாள்.

சாயங்காலத்துக்குள் குழந்தைகள் எல்லாம் தெளிந்துவிட்டன. ஒரு பையன் பசிக்கிறது என்றான். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் ஹேமாவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கிளம்புவதற்கு முன் சின்மயி அவளிடம் வந்தாள். மகளை இடுப்பில் வைத்திருந்தாள், எட்டு வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை போல.

"நீங்க கரெக்டா சொன்னதாலதான் உடனே ட்ரீட்மென்ட் குடுக்க முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார்" என்றாள். "அதுக்கு தேங்க்ஸ் சொல்லணும். என்னால முடியல ஆன்ட்டி. ஸாரி."

"சொல்லாதம்மா" என்றாள் ஹேமாவதி. "நீ குழந்தைய வூட்டுக்குக் கூட்டினு போ."

பாலு மறுநாள்தான் முழுசாக விழித்தார். முதலில் தான் எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள், குழந்தைகளை முதலில் தூக்கியதையும் சேர்த்து. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"வெள்ளப் பெட்டி" என்றார்.

"என்ன பெட்டி?"

"செவுத்துல இருந்துது. கேபின்ல. கீ கீன்னு கத்தும்." வார்த்தை வார்த்தையாக வந்தது. "கோவாகாரன் சொன்னான், அது பொகைக்குன்னு. ஓயாம கத்துச்சி. பேட்டரி போயிடுச்சுன்னு நெனச்சேன். கழட்டிட்டேன்."

"எப்ப?"

"இதுக்கு முன்னால." இடது கையால் செயலற்ற வலது கையைத் தொட்டுக் காட்டினார்.

அவளுக்குக் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருந்தது. அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. துணி வைத்துத் துடைத்த அந்தக் கறுப்பை நினைத்துக்கொண்டாள். "நானும்தான் தொடச்சிட்டே இருந்தேன்" என்றாள்.

அந்த வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போய்வந்தாள். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். படகுத்துறைக்காரர்கள் இனி ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பம்மலில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் ஜாய்சன் வந்து குழிக்குள் இறங்கிப் பார்த்தார். புகையைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாய், அடிப்பக்கம், கண்ணுக்கு மறைவான இடத்தில் நீளமாக வெடித்திருந்தது. வயர் கொண்டுபோக யாரோ எப்போதோ போட்ட ஓட்டை வழியாகப் புகை சோபாவுக்கு அடியில் வந்திருக்கிறது. அங்கேதான் ஏசி காற்றை இழுக்கும் துவாரம் இருந்தது.

"மேலேர்ந்து பாத்தா தெரியாது மேடம்" என்றார் ஜாய்சன். "கண்ணாடி வெச்சித்தான் பாக்கணும். புது ஓஸ் போட்டு, ஓட்டைய அடைச்சி, அலாரம் வெச்சிக் குடுத்துடறேன். ஜம்முனு ஓடும்."

"வேணாம்" என்றாள் ஹேமாவதி. "எடுத்துடுங்க."

"எதை?"

"மெஷினை."

பாலு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஏசி இல்லாத படகை யார் எடுப்பார்கள் என்று மூன்றாம் நாள் கேட்டார். யாரும் எடுக்க வேண்டாம் என்றாள். அப்புறம் எதற்குப் படகு என்றார். "உங்களுக்குத்தானே வாங்கினீங்க" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்தபோது வெயில் கட்டில்வரை வந்துவிட்டிருந்தது. தலை வலிக்கவில்லை. உடம்பு வலித்தது, அது வேறு. அது அவளுக்குப் பழக்கமான வலி. ஆனாலும் அதே களைப்புதான், ஒரு நாளில் போகிற களைப்பு இல்லை. பக்கத்தில் பாலு விழித்துப் படுத்திருந்தார். பசியாக இருந்திருக்கும்.

"எழுப்பறதுக்கு என்னா?"

"நீ தூங்கினே" என்றார்.

சங்கிலிக் கப்பி வைத்து ஜெனரேட்டரை வெளியே எடுத்தது ஒரு புதன்கிழமை. ஜாய்சனும் சவுரிமுத்துவும் இழுத்தார்கள். பாலு துறையில் நாற்காலியில் உட்கார்ந்து, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேன் அதை ஏற்றிக்கொண்டு போனபிறகு சவுரிமுத்து கேட்டான்: "நான் வேற போட்டுல ஏறிக்கட்டுமாக்கா?"

"ஏறிக்கோடா. எங்களுக்காக ஒக்காந்துனு இருக்காத."

அவன் பாலுவைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுப் போனான்.

இருவரும் கட்டிப்போட்ட படகிலேயே கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துத் தயிர்சாதம் தின்றார்கள். அவள் பிசைந்து கொடுக்க, அவர் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிட்டார். பாதி சட்டையில் விழுந்தது. இருவருக்கும் வியர்வை ஊற்றியது.

"வேர்க்குது ஹேமா" என்றார்.

"வேர்க்கட்டும்" என்றாள் அவள். முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்க ஆரம்பித்தாள்.